நட்ட கன்றை அல்ல, நிற்கும் மரத்தை எண்ணுங்கள்

சுற்றாடல் அமைச்சுக்கும் வனவளத் திணைக்களத்துக்கும்,

வணக்கம்.

நாட்டின் வனப்பரப்பை 2030க்குள் 32 சதவீதமாக்குவோம் என்று 2021இல் இலங்கை, காலநிலை மாற்றத்துக்கு எதிரான நடவடிக்கையாக, ஐ.நா.விடம் உறுதியளித்தது. பெருங்காடு இல்லாத யாழ் குடாநாட்டில் அதற்கு முதலில் நினைவுக்கு வருவது கடனீரேரிக் கரையின் கண்டல் காடு, அதாவது உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள். அதனால்தான் எழுதுகிறோம்: நட்ட நாளின் கன்றுத் தொகையைக் கணக்கில் ஏற்றாதீர்கள்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு நாட்டின் 23 இடங்களில் நடந்த கண்டல் நடுகையை ஆராய்ந்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. நடப்பட்டது 1000 ஹெக்டேயருக்கு மேல். தேறியது 200 சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

காரணங்கள் தெரிந்தவையே. இக்காட்டு மரங்களில் கண்டல் என்றே பெயர்கொண்ட இனத்தின் (ரைசோபோரா) முளை நீளமானது, பொறுக்கவும் சேற்றில் குத்தவும் சுலபம். ஆகவே எங்கும் அதையே குத்துகிறார்கள். இங்குள்ள உவர்க் கரைகளில் தானாக நிலைப்பது பெரும்பாலும் கண்ணா என்ற வேறோர் இனம். நில உரிமைச் சிக்கல் இல்லையென்று எப்போதும் நீர் நிற்கும் சேற்றில் நடுவது அடுத்த பிழை. சராசரி கடல்மட்டத்துக்குக் கீழே வேர் மூச்சுத் திணறும், தண்டில் கொட்டலசு (ஒட்டிவாழும் ஓட்டுயிர்) ஏறும், கன்று சாயும். அங்கே முன்பு கடற்புல் இருந்திருந்தால் அதுவும் போச்சு. அதுவும் கரிமத்தைப் பிடித்து வைப்பதுதான்.

முதல் வேலை நடுகை அல்ல, நீரோட்டம். தாம்போதியோ வீதியோ வாய்க்காலை மறித்திருந்தால் மதகு வைத்துத் திறவுங்கள். அருகில் தாய்மரம் இருந்தால் விதை தானாக வந்து ஒதுங்கும். ஆடுமாடு புகாமல் வேலி போடுங்கள். கண்ணாக் குழையை அவை விட்டுவைக்காது. தாய்மரமே இல்லாத இடத்தில் மட்டும் நாற்றுமேடைக் கன்றை நடுங்கள், அதுவும் மாரிமழையில் உவர் தணிந்த பிறகு. ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றி உப்பு ஏறும்போது இளங்கன்று கருகிவிடும்.

அளவீட்டிலும் ஒரு சிக்கல். உலக உணவு விவசாய அமைப்பின் வரைவிலக்கணப்படி காடு என்றால் குறைந்தது 0.5 ஹெக்டேயர், 10 சதவீத விதான மூடல் (மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு), 5 மீற்றர் உயரம் எட்டக்கூடிய மரம். 0.5 ஹெக்டேயர் எங்கள் கணக்கில் ஏறத்தாழ 20 பரப்பு. துண்டுதுண்டாய் நிற்கும் பனங்கூடலும், உவரில் குறுகிய கண்ணாவும் இந்தச் சல்லடையில் விழுந்துவிடும். விழுந்ததைத் தரிசு என்று எழுதி மீன்வளர்ப்புக்கோ மண் நிரப்பவோ கொடுத்தால், கண்டலின் கரிமத்தில் பெரும்பகுதியைத் தாங்கும் சேறு காற்றுப்பட்டு அதை வெளிவிடும். எந்த நடுகையும் அதைச் சில ஆண்டுகளில் ஈடுசெய்யாது.

ஆகவே மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் உயிரோடு நிற்பவற்றை மட்டும் கணக்கில் ஏற்றுங்கள். ஒவ்வொரு இடத்தின் எல்லை, இனம், நீர்மட்டம், பிழைத்த வீதம் ஆகியவற்றைப் பிரதேச செயலக வாரியாகத் தமிழிலும் வெளியிடுங்கள். குறுங்கண்ணாவின் தண்டு விட்டத்தை 1.3 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டாம், அடியிலேயே கிளைத்துவிடும். நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் அளவிடுங்கள். ஒரு மீற்றர் ஆழத்துச் சேற்று மாதிரியும் எடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணக் கரையோரக் கண்டல்களில் வேலை செய்வோர்