மூழ்கிய படகைத் தேட ஞாயிறு காலை வாங்க

நண்பர்களே, நேற்று மாலை என் ரிமோட் படகு திருப்பத்தில் கவிழ்ந்து ஏரியில் மூழ்கிவிட்டது. மூடிக்கு டேப் ஒட்ட மறந்தேன், தப்பு என்னுடையதுதான். மதகுக்கும் எதிர்க்கரைப் பனைமரத்துக்கும் நேர்கோட்டில், சுமார் 20 மீட்டர் உள்ளே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் எடுபடாது, ரிமோட்டை அழுத்திப் பயனில்லை.

ஞாயிறு காலை 6.30க்குப் பரிசலில் போய்த் துழாவலாம். கிணற்றில் விழுந்த வாளி எடுக்கும் பாதாளக் கரண்டி யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் கொண்டு வாருங்கள். காந்தம் வேண்டாம், படகு முழுக்க ஃபைபர். யாரும் நீந்த இறங்க வேண்டாம், அடியில் ஒரே சேறு.

படகு கிடைத்ததும் பேட்டரியை வண்டிக்குள் வைக்காதீர்கள். நனைந்த லித்தியம் பேட்டரி சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். மணல் வாளி நான் எடுத்து வருகிறேன். அப்புறம், டீயும் என் செலவு.