கேட்காமல் வருவதும் கைக்கூலிதான்

அன்பு மகனுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து தொழுதவர் இப்போது தரையில் ஸஜ்தா செய்கிறார். ஷார்ஜாவில் வெயில் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் "சரி உம்மா, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். இது நான் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் பெரிய மாமி வந்திருந்தார். உனக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டில் 30 பவுன் போட்டு, 5 லட்சம் ரொக்கமும் தருவதாகச் சொன்னார்களாம். "நாம் வாய் திறந்து கேட்கவில்லை, அவர்களாகவே பிரியப்பட்டுத் தருகிறார்கள். இது கைக்கூலி ஆகாது, வரதட்சணை ஆகாது" என்றார் மாமி. நீயும் அவரிடம் "கேட்டு வாங்கினால்தானே தப்பு" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்ற ஒருவரை ஸகாத் என்ற கட்டாய தர்மத்தை வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது" என்று பிரித்துச் சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை. யாரையும் மிரட்டிக் கேட்டதாகவும் அந்த ஹதீஸில் இல்லை. ஆனாலும் நபியவர்கள் பள்ளிவாசல் மேடையான மிம்பரில் ஏறி, அவர் தம் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்துகொண்டு, தமக்கு அன்பளிப்பு வருகிறதா இல்லையா என்று பார்த்திருக்கக் கூடாதா என்று மக்கள் முன் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. மார்க்கம் படித்த ஆலிம்கள் இதைப் பதவியில் இருப்பவர்கள் வாங்கும் அன்பளிப்புகளைப் பற்றிப் பேசும்போது எடுத்துச் சொல்வார்கள். மாப்பிள்ளைகளும் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பெண்ணை நிக்காஹ் செய்யப்போகிறவன் என்பதைத் தவிர உனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன தொடர்பு? நீ உன் வாப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் 5 லட்சத்தைக் கொண்டுவந்து உன் கையில் தருவார்களா? தர மாட்டார்கள் என்றால், அதற்குப் பிரியம் என்று பெயர் வைக்காதே. பெண்ணைக் கொடுக்கிற வீட்டில் இருக்கிற பயம் அது. கொடுக்காவிட்டால் சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ, போன இடத்தில் மகளை ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அந்த வீட்டுக்கு நான் போயிருந்தேன். முன்கட்டில் பெண்ணின் உம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுளகை அவசரமாக ஓரம் தள்ளினார், "பரவாயில்லை, வேலையைப் பாருங்கள்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையை எடுத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டித் தலையை மடக்கிக்கொண்டே என்னோடு பேசினார். பேச்சு நின்றாலும் விரல் நிற்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி காய்த்துப்போயிருக்கிறது. மேலப்பாளையத்தில் பிறந்த உனக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலிக் கணக்கு. காலையில் உட்கார்ந்து இரவுவரை குனிந்திருந்தாலும் ஆயிரத்தை முடிக்க முடியாமல் போகும் நாள்கள் உண்டு. அந்தக் கூலியில், அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து சேர்த்த நகைச்சீட்டுப் பணம்தான் அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன 30 பவுனில் எத்தனை பவுன் சொந்தமாக இருக்கிறது, எத்தனை கடனில் வரப்போகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது கேட்க வாய் வரவில்லை. அந்தக் கடன் வட்டிக் கடனாகத்தான் இருக்கும். வட்டி ஹராம் என்று நீ ஷார்ஜாவில் உட்கார்ந்து நண்பர்களுக்கு பயான் அனுப்புவாய். உன் கல்யாணத்துக்காக இங்கே ஒரு குடும்பம் வட்டி கட்டும். இதை எப்படி நான் சம்மதிப்பேன்?

நீ ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு தொழுகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சிறு வயதில் சுப்ஹுக்கு உன்னை எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தத் தொழுகையின் மேல் உள்ள ஆசையால்தான் இதையும் சொல்கிறேன். ஷுஐப் (அலை) அவர்களின் கூட்டத்தார் மத்யனில் அளவையிலும் நிறுவையிலும் குறைத்தவர்கள். அவர் தடுத்தபோது அவர்கள் கேட்டது குர்ஆனில் ஹூது அத்தியாயத்தின் 87ஆம் வசனத்தில் இருக்கிறது: எங்கள் மூதாதையர் வணங்கியவற்றை நாங்கள் விட்டுவிட வேண்டும் என்றும், எங்கள் பொருளை எங்கள் விருப்பம்போல் செய்யக் கூடாது என்றும் உம்முடைய தொழுகையா உமக்கு ஏவுகிறது என்று கேலியாகக் கேட்டார்கள். கேலிதான், ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். தொழுகிறவன் தராசுப் பக்கமும் வருவான், பணப்பெட்டிப் பக்கமும் வருவான் என்று அந்த வியாபாரிகளுக்குப் புரிந்திருந்தது. நம் ஆட்களில் பலருக்குத்தான் அது புரியவில்லை. முன் வரிசை ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, வெளியே வந்து பள்ளிவாசல் திண்ணையிலேயே ரொக்கம் பேசுகிறார்கள். தொழுகை மானக்கேடானவற்றையும் தீமையையும் தடுக்கும் என்று அல்லாஹ் அன்கபூத் அத்தியாயத்தில் சொல்கிறானே, நம்மை எது தடுத்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் கேட்டுப்பார்க்க வேண்டாமா? உன் கீழே வேலை செய்கிற ஆட்களின் ஓவர்டைம் மணிக்கணக்கை எழுதுகிறவன் நீ. அந்த ஏட்டிலும் உன் தொழுகை தெரிய வேண்டும்.

ஊரில் இளைஞர்களைச் சேர்த்து ஆடம்பரக் கல்யாணத்துக்கும் வட்டிக்கும் எதிராக இயக்கம்போல நடத்த வேண்டும், மேடை போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணம், நடத்து. இந்தப் பிரச்சினையில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் சும்மா இருந்துவிடவில்லை. மாப்பிள்ளைக்கு வந்த ரொக்கத்தில் ஒரு பங்கு பள்ளிவாசலுக்கு என்று வாங்கிய ஊர் நிர்வாக ஜமாஅத்துகள் இருந்தன. பிறகு கைக்கூலிக் கல்யாணத்துக்கு நிக்காஹ் பதிவேடான தப்தர் தர மாட்டோம் என்று தீர்மானம் போட்ட ஜமாஅத்துகளும் வந்தன. வாலிபர்கள் தங்கள் சொந்த வீட்டில் சண்டை போட்டுத்தான் அந்த மாற்றம் வந்தது. 1961ஆம் ஆண்டிலேயே அரசு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. கொடுத்தாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற நம்முடைய மஹரை மட்டும் அந்தச் சட்டம் வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டம் வந்தும் கல்யாண வீடுகள் மாறவில்லை. ஒரு சமூகம் தன்னிடம் உள்ளதை மாற்றிக்கொள்ளாதவரை அதன் நிலையை அல்லாஹ் மாற்றுவதில்லை என்று ரஃது அத்தியாயம் சொல்வது இதைத்தான்.

மேடையைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படும் மூன்று பேரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் உனக்குத் தெரியும். ஒருவர் போரில் உயிரைக் கொடுத்தவர், ஒருவர் கல்வி கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதியவர், ஒருவர் வாரி வழங்கியவர். வீரர் என்று சொல்லப்பட வேண்டும், ஆலிம் என்று சொல்லப்பட வேண்டும், கொடையாளி என்று சொல்லப்பட வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அப்படியே உலகில் சொல்லப்பட்டும் விட்டது. மூவரும் முகம் குப்புற இழுத்து நரகத்தில் போடப்படுவார்கள். அபூஹுரைரா அவர்கள் இதைச் சொல்லத் தொடங்கும்போதே மூர்ச்சையாகி, தெளிந்து, மறுபடியும் மூர்ச்சையானார்கள் என்று திர்மிதியில் வருகிறது. நபித்தோழருக்கே அந்த நடுக்கம் என்றால், வீடியோ எடுத்துப் போடுகிற நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! "கைக்கூலி வாங்காத மாப்பிள்ளை" என்று உன் போட்டோவைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்ப உன் நண்பர்கள் துடிப்பார்கள். அனுமதிக்காதே. பிறருக்கு எடுத்துக்காட்டாக இருக்குமே என்று கேட்பாய். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்று பகரா அத்தியாயத்திலேயே இருக்கிறது. நிக்காஹ் ஒளித்துச் செய்கிற காரியம் அல்ல. சபையில் மஹரைச் சொல்லித்தான் நடக்கும். வந்தவர்கள் பார்ப்பார்கள், தெரிந்துகொள்வார்கள். அதற்கு மேல் நாம் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. உன் பெயர் அதில் ஒட்டாமல் போனால் உன் கூலி அல்லாஹ்விடம் முழுசாக இருக்கும்.

மஹர் விஷயத்தில் நம் ஊர்ப் பக்கம் ஒரு தொகையைத் தப்தரில் எழுதிவிட்டு, கொடுக்காமலே ஆயுள் முழுக்க ஓட்டிவிடுகிற வழக்கம் உண்டு. அது வேண்டாம். பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம். அலி (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் தம் கவசத்தை மஹராகக் கொடுத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாத ஒரு தோழரிடம் இரும்பு மோதிரமாவது தேடிப்பார் என்று நபியவர்கள் சொன்னார்கள். உன் கையில் சம்பளம் இருக்கிறது. எவ்வளவு என்பதைப் பெண்ணிடமே கேட்கச் சொல்லப்போகிறேன், அவள் சொல்வதில் பேரம் பேசாதே. வாப்பாவிடம் வாங்காமல், கடன் வாங்காமல், உன் உழைப்பில் சேர்த்துக் கொடு. சபையிலேயே கொடுத்துவிடு. கல்யாண விருந்தான வலீமாவை நம் சக்திக்கு ஏற்ப நாம் வைப்போம். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடு என்றுதான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தெருவையே அடைத்துப் பந்தல் போட நமக்கு யாரும் கட்டளையிடவில்லை.

மாமி வருத்தப்படுவார். "நம் பெண்களுக்குக் கொடுத்தோமே, மகனுக்கு வரும்போது மட்டும் வேண்டாம் என்றால் எப்படி" என்று சொந்தத்தில் பேசுவார்கள். உன் அக்காவின் கல்யாணத்துக்காக வாப்பா தென்காசிச் சாலையில் இருந்த இடத்தை விற்றது எனக்கு மறக்கவில்லை. நம்மிடம் ஒருவன் வாங்கியதை நாம் இன்னொரு வீட்டில் வசூலித்துக்கொள்வது நியாயம் ஆகாது. பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வாப்பாவும் என் பக்கம்தான் இருக்கிறார்.

எனக்கு வேண்டியது உன் வாயால் ஒரு சொல். எனக்குப் பயந்து சொல்லாதே, ஊருக்காகவும் சொல்லாதே. இஷா தொழுதபின் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல். நீ சம்மதித்தால் சனிக்கிழமை நானும் வாப்பாவும் பெண் வீட்டுக்குப் போகிறோம். நகைச்சீட்டுப் பணத்தை மகள் பெயரில் வங்கியில் போட்டுவைக்கச் சொல்லப்போகிறேன். கடன் எதுவும் பேசியிருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.

வஸ்ஸலாம்.

துஆவுடன்,
உன் உம்மா