வகை தெரிந்து என்ன ஆகும்?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளின் கர்ப்பகாலப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருப்பதாக வந்ததும் வீடே கலங்கிப்போயிருப்பது புரிகிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியின் முதல் தவணையும் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் போட்டு, மீதித் தவணைகளையும் தவறாமல் முடித்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகின்றன, தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

இந்த வைரஸில் பல வகைகள் உண்டாமே, அதை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டிருந்தாய். மரபணுத்தொடர் 8 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி வகையாகக் கொள்வார்கள். ஏ முதல் எச் வரை 8 வகைகள் உறுதியானவை. ஐ, ஜே இரண்டும் இன்னும் விவாதத்தில் உள்ளன. இந்தியாவில் டி, ஏ இரண்டுமே மிகுதி. கிழக்கிலும் வடகிழக்கிலும் சி வகையும் உண்டு. அலாஸ்காப் பழங்குடியினரைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வொன்றில், மற்ற வகையினரில் பாதிப்பேர் 20 வயதுக்குள்ளாகவே, வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜன் என்ற வைரஸ் புரதத்தை இழந்துவிட்டிருக்க, சி வகையினரில் பாதிப்பேர் அந்நிலையை எட்ட 47 வயதுக்கு மேலாகியிருந்தது. சி வகைத் தொற்றுள்ள பெண்கள் பலருக்குப் பிள்ளை பெறும் வயது முழுவதும் இரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும் என்பதே இதன் பொருள். இ ஆன்டிஜன் உள்ள தாய்க்குத் தடுப்பு ஏதும் செய்யாவிட்டால் 70 முதல் 90 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றுகிறது. அப்படித் தொற்றிய சிசுக்களில் 10க்கு 9 பேரிடம் அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. பி, சி வகைகள் மலிந்த தைவான் 1984லேயே, தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளிலிருந்து தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதனால், எந்த வகை என்று பாராமல், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்பதோடு நின்றுவிடும் கணக்கெடுப்புகள் எனக்குப் பாதிக் கணக்காகவே படுகின்றன.

ஆனால் உன் மருமகளுக்கு வகையைவிட இ ஆன்டிஜனும் வைரஸின் அளவுமே முக்கியம். மில்லிலிட்டருக்கு 2 லட்சம் அலகுகளை எட்டினால், 28ஆம் வாரத்திலிருந்து வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அந்த அளவையோ இ ஆன்டிஜனையோ பார்க்க வசதியில்லாத இடங்களில், தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்குமே தரலாம் என்று 2024இல் அதை விரிவாக்கியிருக்கிறார்கள்.

உன் அண்ணி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறாராமே! 1988இல் சென்னை ஆய்வாளர்களின் முடிவு லான்செட் இதழில் வெளிவந்து பெரிய நம்பிக்கையை ஊட்டியது உண்மைதான். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இப்போது வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு.

இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனைகளிலும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. ஞாயிறு இரவில் வலியெடுத்தாலும் ஊசி தயாராக இருக்குமா என்று ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் கேட்டு வைத்துக்கொள். உன் மகனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் அவனுக்கும் தடுப்பூசி போட வேண்டும். வைரஸ் அளவு வந்ததும் எழுது.

அன்புடன்,
ராமநாதன்