மெஸ் ரூம் சுவரில் இருந்த தாள்

அன்புள்ள நண்பனுக்கு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபமாகத்தான் இருப்பாய். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். அடுத்த வாரம் நீ சைன் ஆன் செய்து புதுக் கப்பலில் ஏறப் போவதாக நம் போசன், அதான் டெக் ஆட்களின் மேஸ்திரி, சொன்னார். அதனால்தான் இந்த அவசரம்.

எங்கள் கப்பலில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லையடா. முதல் மாதம் வங்கியில் தாமதம் என்றார்கள். அடுத்த மாதம் சரக்குக்காரர் பணம் தரவில்லையாம். மூன்றாவது மாதம் ஆபீஸில் போனையே எடுக்கவில்லை. கப்பலைப் பதிவு செய்த கொடி ஒரு நாடு, முதலாளி வேறு நாடு, ஆள் எடுத்த கம்பெனி இன்னொரு நாடு. யாரிடம் போய் நிற்பது? சீஃப் குக் ராத்திரியில் தனியாகப் போய் பின்தளத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் சத்தம் இல்லாத சமையலறையை நீ நினைத்துப் பார்.

வழி காட்டியது எங்கள் டெக் கேடட், பயிற்சிக்கு வந்த சின்னப் பையன். மெஸ் ரூம் பலகையில் டிரில் அட்டவணைக்கு அடியில் ஒரு தாள் மறைந்து கிடந்தது. காப்புறுதிச் சான்றிதழ். ஆபத்தில் யாரைக் கூப்பிடுவது என்று போன் நம்பரோடு இருந்தது. தினம் மூன்று வேளை அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், ஒருநாள்கூடப் படித்ததில்லை. இதைக் கட்டாயமாக்கியது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சேர்த்த திருத்தம், 2017 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே கைவிடப்பட்டவர்கள் என்று கோரலாம். நான்கு மாத பாக்கி வரை காப்புறுதிக்காரர் தர வேண்டும், ஊருக்கு அனுப்பும் செலவும் அவர்களுடையதுதான்.

ஐடிஎஃப், அதாவது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பின் இன்ஸ்பெக்டருக்கு எழுதினோம். இரண்டு பேர் கையெழுத்துப் போடவில்லை. இனி எந்தக் கப்பலிலும் எடுக்க மாட்டார்கள் என்று பயம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அடுத்த துறைமுகத்தில் அந்த இன்ஸ்பெக்டர் அம்மா கேங்வே ஏறி வந்தார். சம்பளக் கணக்கை எடுக்கச் சொன்னார். இரண்டு புத்தகம் இருந்ததடா! ஒன்றில் எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தாயிற்று. என் பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து, நான் போட்டதில்லை. ஓய்வு நேரப் பதிவிலும் தினம் பத்து மணி நேரம் தூங்கியதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

லாஷிங், அதாவது சரக்குப் பெட்டிகளைக் கட்டியிருக்கும் கம்பிகளை, அவிழ்க்க வந்த துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சேதி போனது. கம்பிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். கிரேன் நின்றுபோனது. அவர்களில் வயதான ஒருவர் போகிறபோது என் தோளைத் தட்டி, உள்ளங்கையைக் காட்டி 'பொறு' என்பதுபோல் சைகை செய்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. மறுநாள் மாலைக்குள் பணம் கப்பலுக்கே வந்தது. மெஸ் மேஜையில் ஒவ்வொரு பெயராக வாசித்து எண்ணிக் கொடுத்தார்கள்.

அன்றிரவு தூக்கமே வரவில்லை. நாம் இரண்டு பேரும் ராத்திரி மழையில் லாஷிங் அவிழ்த்தது ஞாபகம் இருக்கிறதா? கரை ஆட்களுக்குத் தரும் கூலியை மிச்சம் பண்ண, உங்களுக்குக் கொஞ்சம் எக்ஸ்ட்ரா தருகிறேன் என்று சீஃப் மேட் சொன்னாரே. உன் விரல் நசுங்கியதும் அன்றைக்குத்தான். அது அந்த ஆட்களின் வேலையடா. அவர்கள் கூலியைத்தான் நாம் அன்று வாங்கினோம். 1948-லிருந்து கப்பல் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் சேர்ந்து, முதலாளி ஒரு நாடு கொடி வேறு நாடு என்று ஓட்டும் இந்தக் கொடி வியாபாரத்தை எதிர்த்து நிற்கிறார்களாம், இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். இத்தனை வருஷம் இதெல்லாம் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டோமே.

இனி யாராவது லாஷிங் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல். தனியாகச் சொல்லாதே, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல். ஒப்பந்தத்தை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறு. கப்பலில் ஏறிய அன்றே அந்தத் தாளைத் தேடு, காலாவதி தேதியைப் பார். வேலைக்காக ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்தாயா? மறைக்காமல் எழுது, அப்படி வாங்கவே கூடாது.

சீஃப் குக் வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். உன் குறட்டை குறைந்ததா என்று கேட்கச் சொன்னார்.

உன் பழைய கேபின் தோழன்