ஆடிக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு

ஸ்ரீரங்கம்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை, சாமான் எல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்கிறது. பேனாவைத் தேடி எடுக்கவே இன்றைக்குத்தான் முடிந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. அவள் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போல் இல்லை, உத்தர வீதி வரை நடந்து போய் வருகிறாள். நாம் மணிக்கு ஐம்பது பைசா கொடுத்து வாடகை சைக்கிள் எடுப்போமே, அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். குரங்கு பெடல் போட்டுக்கொண்டு நீ சாக்கடையில் இறங்கிய இடத்தில் சிமென்ட் மூடி போட்டாகிவிட்டது.

சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், பையன் சைக்கிள் வாங்கித் தந்தான் என்று எழுதியிருந்தாய். நல்ல பிள்ளை. போட்டோ பார்த்தேன். ஹைபிரிட், 21 கியர், கைப்பிடி நேராக இருக்கிறது. நம் வயதுக்கு அதுதான் சரி. ஆனால் வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் ‘ஊட்டி ஏறலாமா, கன்னியாகுமரி போகலாமா, இல்லை 200 கி.மீ. பிரெவே என்கிற நேரக்கெடு வைத்த சைக்கிள் ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுக்கலாமா’ என்று கேட்கிறாயே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேனே தவிர, நானும் அதே வழியாக வந்தவன்தான்.

பிரெவே கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. பாரிஸில் உள்ள ஒரு சங்கம் வகுத்த விதி அது: 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40 என்று ஏறிக்கொண்டே போகும். இதற்கெல்லாம் உச்சியில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற 1,200 கி.மீ. இருக்கிறது; நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 90 மணி நேரம். நம் ஊர்ப் பிள்ளைகளும் போய்ச் செய்துவிட்டு வருகிறார்கள். மதிக்கிறேன். நான் 200-ஐ முடித்தேன், இருபது நிமிடம் மிச்சம் வைத்து. ஆனால் அந்த நாளில் என்ன பார்த்தாய் என்று நீ கேட்டால், நான்குவழிச் சாலையின் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தவிர என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டீக்கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறுகிறது, நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். இன்றுவரை அந்தப் பஜ்ஜி எனக்கு ஆறவில்லை.

ஊட்டியும் இப்போது வேண்டாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 300 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். நடுவில் இருக்கிற முப்பது சொச்சம் கிலோமீட்டரில் பெரும்பகுதி ஏற்றம்தான். பெரிய கியரில் மிதித்து ஏறப் பார்த்தால் முட்டி போகும், சின்னக் கியரில் போட்டால் பொறுமை போகும். பின்னால் பஸ் ஹாரன் வேறு. கன்னியாகுமரி என்றால் நெடுஞ்சாலையில் லாரிகளோடு நாள் முழுக்கப் போக வேண்டும். அது பயணமா என்ன?

டூருக்கு வழி தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது இறங்கி நிற்கத் தோன்றுமா, மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் அன்றைய ஊருக்குப் போய்விட முடியுமா, அப்புறம் காற்று எந்தப் பக்கம், இந்த மூன்றைத்தான் பார்க்கிறேன். காற்று எனக்குப் புரிந்தது ரொம்பத் தாமதமாகத்தான். மலை ஏற்றத்துக்காவது ஒரு முடிவு உண்டு, உச்சி வந்தால் இறக்கம் கிடைக்கும். எதிர்காற்றுக்கு உச்சியே கிடையாது.

போன தையில் நானும் என் மச்சினனும் இங்கிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோடு போனோம் என்று சொன்னேன் அல்லவா? வெயில் இல்லாத மாதம், அதுதான் சரி என்று நினைத்தோம். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும், நாமோ கிழக்கே போகிறோம் என்ற சின்னக் கணக்கு இரண்டு பேர் தலையிலும் ஏறவில்லை. சமவெளியில் மணிக்கு பதினாறு, பதினேழு போகிற நான் பதினொன்றில் ஊர்ந்தேன். மச்சினன் சாமர்த்தியசாலி, என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். முதல் நாள் முடிந்ததும் அவனுக்குக் களைப்பே இல்லை. எனக்குக் காது இரண்டும் இரைந்துகொண்டே இருந்தது.

ஆனால் வழி இருக்கிறதே, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருவானைக்காவலிலிருந்து கல்லணை போகிற சாலை நமக்குத் தெரிந்ததுதான். நாம் எத்தனை தடவை டபுள்ஸ் போயிருப்போம். உத்தமர்சீலி, கிளிக்கூடு, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். வலது பக்கம் காவிரி, இடது பக்கம் தோட்டத்துக்கு அந்தப்புறம் கொள்ளிடம். நாம் பதினெட்டு கிலோமீட்டர் போய்க் கல்லணையில் மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பி விடுவோம். அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. போக வேண்டியதே அதற்கு மேல்தான்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், அப்புறம் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்கிற கால்வாய் எனப் பிரிகிறது அல்லவா, அதிலிருந்து கிழக்கே போகப் போக ஒவ்வொரு ஊரிலும் ஆறு ஒரு பிள்ளையைப் பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. பாலம், மதகு, வாய்க்கால், மறுபடி பாலம். ஒவ்வொரு மதகிலும் இறங்கி நிற்கத் தோன்றும், நின்றோம். திருவையாற்றில் அசோகா. பாசிப்பருப்பில் செய்கிற அல்வா, கையில் நெய் ஒட்டும். உனக்கு டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும், ஒரு ஸ்பூன் மட்டும். நான் மூன்று ஸ்பூன்.

இரண்டாம் நாள்தான் அந்தப் பயணத்தின் உயிர். திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரஹாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். எங்களுக்கு ஆறரை மணி நேரம் ஆனது. காற்று ஒரு காரணம் என்றால் நெல் இன்னொரு காரணம். அறுப்பு முடிந்த சமயம், ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார்கள், ஓரமாகக் கல் வரிசை. ஒரு பாட்டி காலாலேயே நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்ததும் “ஏத்திடாதீங்க, இறங்கித் தள்ளிட்டுப் போங்க” என்றார். இறங்கினோம். அந்தப் பக்கம் வைக்கோல். தள்ளிக்கொண்டு போனாலும் விடவில்லை. என் பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு நடுவே கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டது. பாட்டியே விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக் கொடுத்தார். கால் மணி நேரம் குத்திக் குத்தி எடுத்தேன். “இத்தனை சக்கரம் எதுக்கு?” என்று கேட்டார். ஏற்றத்துக்கு என்றேன். “இங்க எங்க ஏத்தம் இருக்கு?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கபிஸ்தலத்துக்கு முன்னால் சீமைக் கருவேல முள் ஒன்று. பஞ்சர் கடைக்காரர் ட்யூபை உருவித் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து, ஒட்டுப் போட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. காற்றடிக்கும்போதுதான் சிக்கல். என் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா வால்வு, பென்சில் முனை மாதிரி ஒல்லியாக இருக்கும். அவர் கம்ப்ரசர் வாய் அதில் உட்காரவில்லை. இதற்கென்று பித்தளையில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு மாற்றி விற்கிறது. அதை வீட்டில் மேஜை டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தேன். அப்புறம் என் கைப்பம்புதான். நான் அடிக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினார். இருநூற்றுப் பதினெட்டு. உன் சைக்கிளில் எந்த வால்வு என்று முதலில் பார். மோட்டார் சைக்கிள் மாதிரித் தடியாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் கவலையில்லை.

சுவாமிமலையில் ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றோம். மெழுகில் செய்த அம்மன், ஒரு முழ உயரம் இருக்கும். அதன் மேல் ஒருவர் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து விரலால் பூசிக்கொண்டிருந்தார். மூக்கு நுனி, விரல் இடுக்கு என்று எறும்பு ஊர்கிற வேகத்தில். மண் காய்ந்ததும் சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நாங்கள் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வந்ததும் அதே மண்தான் என்றான் மச்சினன். எப்போதாவதுதான் உருப்படியாகப் பேசுவான்.

மூன்றாம் நாள் மயிலாடுதுறை, பஸ் நெரிசல், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான்காம் நாள் பூம்புகார். போகப் போக ஆறு இளைத்து, கடைசியில் நம் ஊர் வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிடுகிறது. அகண்ட காவிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு மாதிரியாக இருக்கிறது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மொத்தம் 150, 160 கிலோமீட்டர் இருக்கும். பிரெவேக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுகிற தூரம். எங்களுக்கு நான்கு நாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆடியில் நீ கிளம்பி வா, அதே வழியை மறுபடி போவோம். உங்கள் பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற மேல்காற்று இங்கே திருச்சி வரை வந்து அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நாம் இரண்டு பேர் பறக்க மாட்டோமா? கிழக்கே போகிறோம், காற்று முதுகில். மேட்டூரை வழக்கம்போல் ஜூன் 12 திறந்துவிட்டால் ஆற்றிலும் தண்ணீர் நம்மோடு வரும், வயலில் குறுவை பச்சையாக நிற்கும், ரோட்டில் நெல் இருக்காது. வெயில் இருக்கும், மறுக்கவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவோம். கடைசி நாள் மட்டும் இன்னும் சீக்கிரம், மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே கிளம்பும். பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் வேண்டாம், கரையில் சைக்கிளை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. ஒரு வாரம் முன்னால் வைத்துக்கொள்வோம்.

அதுவரை கோவையில் பழகிக்கொள். வாரம் மூன்று நாள், 20 கி.மீ. போதும். இப்போதே காற்று எழும்பியிருக்கும். பல்லடம் பக்கம் போனால் போகும்போது சுகமாக இருக்கும், நமக்கு வயதே ஆகவில்லை என்று தோன்றும். திரும்பும்போது அழுவாய். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போ, வரும்போது அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், கீழே போகும்போது கால் நீள வேண்டும். போட்டோவில் உன் சீட் ரொம்பத் தாழ்ந்திருக்கிறது, முட்டி வலிக்கு அதுதான் வழி. பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை ஒன்று வாங்கு, வெட்கப்படாதே, மேலே வேறு நிக்கர் போட்டுக்கொள்ளலாம். முதுகில் பை மாட்டாதே, முதுகு வெந்துவிடும். பக்கவாட்டில் மாட்டுகிற பை என்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது. மாத்திரையை மறக்காதே, பழம் நான் எடுத்து வருகிறேன். நான்கு மணி நேரம் மிதித்தால் சர்க்கரை இறங்கவும் செய்யும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பாய். ரயில் பார்சலில் போடலாம். போன தடவை ஒரு ஸ்டேஷனில் படிவத்துக்குப் படிவம் அலைய விட்டதில் எனக்கு அலுத்துப்போய், மயிலாடுதுறையிலிருந்து காலியாகத் திரும்பிய ஒரு குட்டியானையில் இரண்டு சைக்கிளையும் ஏற்றி, நாங்களும் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டோம். திரும்புவதற்கு இப்போதும் அதுதான் ஏற்பாடு. நீ வருவதற்கு, பையன் காரில் பின்னால் மாட்டி அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்.

தேதியை மட்டும் எழுது, மச்சினனை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தடவை அவன்தான் முன்னால்.

அன்புடன்,
உன் கேரியரில் உட்கார்ந்தே கல்லணை பார்த்தவன்

பி.கு.: பித்தளை மாற்றி இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன்.