பழைய வட ஆற்காட்டின் காயில் கட்டும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் தொழில் தோழர்களுக்கு வணக்கம்.

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் நம் தொழிலுக்கு இது இன்னும் பழைய வட ஆற்காடுதான். குடியாத்தத்தில் எரிந்த மோட்டார் காட்பாடிக்கு வருவதும், காட்பாடியில் தீர்ந்துபோன கம்பிக்கு ஆற்காட்டுக்கு ஆள் அனுப்புவதும் இன்றும் நடக்கின்றன. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நானும் காட்பாடிப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போர்வெல் மோட்டாருக்கும் மாவு மில் மோட்டாருக்கும் காயில் கட்டிப் பிழைப்பவன்.

நம்மிடம் இப்போது ஒரு புதிய வகை வாடிக்கையாளர் வரத் தொடங்கியிருக்கிறார். கல்லூரி மாணவராகவோ பள்ளி மாணவரின் தகப்பனாராகவோ இருப்பார்; கையில் ரேடியோவில் ஓடும் பொம்மைக் கார் ஒன்றின் மோட்டார் இருக்கும். பொம்மை என்று நாம்தான் சொல்கிறோம். வைத்திருப்பவர்கள் ஆர்சி கார் என்பார்கள். மோட்டார் 36 மில்லிமீட்டர் விட்டம், ஐந்து சென்டிமீட்டர் நீளம், மூன்று ஒயர். கார்பன் பிரஷ் கிடையாது. "பேரிங் கத்துதுண்ணா, மாத்தித் தர முடியுமா?" என்று கேட்பார். நம்மில் பெரும்பாலோர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், இதெல்லாம் இங்கே ஆகாது தம்பி, புதிதாக வாங்கிக்கொள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இரண்டு பேரை அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்த மாணவரை அனுப்ப முடியவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு பட்டறையில் வேலை செய்ய வைத்து, அது கெட்டுப்போய் வந்திருந்தார். எந்தப் பட்டறை என்று நான் கேட்கவில்லை. பாலாற்று மணலில் காரை ஓட்டியதில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் பக்கத்துப் பேரிங் போயிருக்கிறது. அந்த மோட்டாரின் ஷாஃப்ட் 3.175 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு உரியது ஆர்2 என்ற அங்குல அளவுப் பேரிங், வெளிவிட்டம் 9.525 மில்லிமீட்டர், சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். அது கிடைக்காததால் கைக்கு எட்டிய 623 பேரிங்கைப் போட்டிருக்கிறார்கள். 623இன் உள்துளை 3 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 10. ஆகவே ஷாஃப்டை எமரித் தாளால் தேய்த்து இளைக்க வைத்து, அலுமினிய மூடியை லேத்தில் கடைந்து அகலப்படுத்தி, எப்படியோ உட்கார வைத்துவிட்டார்கள். கடைந்த துளை மையத்திலிருந்து ஒரு நூலளவு விலகியிருக்க வேண்டும். மோட்டாரைப் பிரித்தபோது சுழலும் ரோட்டாரின் ஒரு பக்கம் முழுக்க, காயில் இருக்கும் ஸ்டேட்டரில் உரசிய தடம், காந்தத்தின் மேல் சுற்றியிருந்த நார் உறை பிய்ந்து பஞ்சாக நின்றது. ஒரு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ரோட்டாரையும் மூடியையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பட்டறைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நிமிடத்துக்கு 2900 சுற்று ஓடும் மோனோபிளாக் பம்பில் அந்த வேலை ஒருவேளை ஒப்பேறியிருக்கும். இந்தச் சின்ன மோட்டாரின் மேல் 3500 கேவி என்று எழுதியிருந்தால், ஒரு வோல்ட்டுக்கு 3500 சுற்று என்று பொருள். 7.4 வோல்ட் பேட்டரியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 26,000 சுற்று, 11.1 வோல்ட்டில் 39,000 சுற்று. சுற்று பத்து மடங்கானால் பாரம் ஒதுங்கிய ரோட்டார் பேரிங்கை உதைக்கும் விசை நூறு மடங்காகும். நாம் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரில் கண்டும் காணாமல் விடும் ஆட்டம், இங்கே சில நிமிடங்களில் பேரிங்கைத் தின்றுவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வேலை நமக்குரியது என்றே சொல்கிறேன். மூன்று பேஸ் காயிலும், நடுவே காந்த ரோட்டாரும், இரு முனையிலும் பேரிங்கும் உள்ள ஒன்றை நம்மைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரில் யார்? ஆனால் பெரிய மோட்டாரில் பழகிய கையின் சில வழக்கங்களை இதற்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. நான் கெடுத்துக் கற்றுக்கொண்டவையும் இவற்றில் உண்டு.

முதலில் சொல்ல வேண்டியது நம் மேசையைப் பற்றி. நம் பட்டறை மேசையில் இரும்புத் தூள் இல்லாத இடம் கிடையாது. லேத் சுருளும், அரத்தூளும், அறுத்தெடுத்த பழைய காயிலின் துணுக்கும் எப்போதும் கிடக்கும். இந்த ரோட்டாரோ நியோடைமியம் காந்தம். நான் முதன்முதலில் பிரித்த ரோட்டாரை வழக்கம்போல மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி எடுத்தபோது அது முள்ளம்பன்றி போல் இருந்தது. துணியால் துடைத்தால் தூள் இடம் மாறுமே தவிரப் போகாது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்ததில் அரை மணி நேரம் போயிற்று. ஒரு துணுக்கு தங்கிவிட்டாலும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடைவெளியில் அது காயில் கம்பியின் எனாமல் பூச்சைச் சுரண்டும். அன்றிலிருந்து ஒரு மரத்தட்டில் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் மட்டுமே இந்த மோட்டாரைப் பிரிக்கிறேன். ரோட்டார் வெளியே வந்ததும் பாலித்தீன் பைக்குள் போய்விடும்.

பிரிப்பதற்கு முன் மூடிக்கும் பாடிக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். ரோட்டாரின் நிலையை உணரும் சென்சார் உள்ள மோட்டாரில் பின்மூடியைத் திருப்பினால், காயிலுக்கு மின்சாரம் போகும் நேரமான டைமிங் மாறும். ஷாஃப்டின் இரு முனையிலும் காகிதம் போன்ற ஷிம் வாஷர்கள் இருக்கும்; எந்தப் பக்கத்தில் எத்தனை என்று எழுதிவைக்காமல் கழற்றாதீர்கள். காந்தம் ரோட்டாரை ஸ்டேட்டரின் நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஷிம் பக்கம் மாறினால் அந்த இழுப்பு முழுவதும் ஒரு பேரிங்கின் விலாவில் போய் உட்காரும். புதிய பேரிங் போட்டும் சத்தம் போகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கரண்டோடு தொடராக மாட்டிச் சோதிக்கும் சீரிஸ் பல்பையும், உயர் வோல்ட்டில் இன்சுலேஷன் பார்க்கும் மெகரையும் இதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மோட்டார் வந்ததும் கை தானாக அவற்றை எடுக்கும், தெரியும். சென்சார் மோட்டாரின் பின்மூடியில், காந்தத்தை உணரும் மூன்று ஹால் சென்சார் வைத்த பலகை இருக்கிறது. அது 5 வோல்ட்டில் வேலை செய்வது. 500 வோல்ட் மெகரை அதில் போட்டால், கேட்டுவந்த பேரிங் வேலையோடு சென்சார் பலகைக்கும் நாம் விலை கொடுக்க வேண்டிவரும். பாடிக்கும் காயிலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதைச் சாதாரண மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். மூன்று காயிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதை ஓமில் பார்க்க முடியாது. தடை அவ்வளவு குறைவு. அதற்கு வேறு வழி உண்டு. ஷாஃப்டைக் கை டிரில்லின் சக்கில் பிடித்துச் சுற்றவிட்டு, இரண்டிரண்டு ஒயராக ஏசி வோல்ட்டை அளந்தால், மூன்று அளவும் ஒன்றாக வர வேண்டும். 2800 சுற்று டிரில்லில் 3500 கேவி மோட்டார் ஏறத்தாழ 0.57 வோல்ட் காட்டும். மூன்றும் ஒன்றுபோல் வராவிட்டால் காயிலில் கோளாறு. மூன்றும் சேர்ந்து குறைந்தால் சூட்டில் காந்தம் வலுவிழந்திருக்கிறது. அதற்குப் பேரிங் மாற்றிப் பயனில்லை என்று வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

பேரிங் கழற்றும் வேலையில் நம் சுத்தியலுக்கும் தீக்கும் இடமில்லை. இந்த மோட்டார்களில் பேரிங் பெரும்பாலும் ஷாஃப்டில் கையாலேயே வழுக்கிப் போகும். மூடியில்தான் இறுக்கமாக இருக்கும். சென்சார் பலகையைக் கழற்றிவிட்டு, மூடியை மட்டும் தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரால் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, மரக்கட்டையில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் பேரிங் தானே விழும். எஃகைப் போல இரண்டு மடங்கு அலுமினியம் விரியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இந்த 9.5 மில்லிமீட்டர் துளையில் 70 டிகிரி சூடேற்றத்துக்கு அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றரைப் பங்கே வரும் என்றாலும், அதுவே போதும். ரோட்டாரை மட்டும் சூடு காட்டவே கூடாது. சாதாரண தர நியோடைமியம் 80 டிகிரியிலேயே வலுவிழக்கத் தொடங்கும். புதியதை ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடுகளவே உள்ள குண்டுகள் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உள்வளையத்தில் ஒரு தட்டு விழுந்தாலும் தடத்தில் பள்ளம் விழுந்து, புதிய பேரிங் முதல் நாளே கத்தும்.

ஷாஃப்ட் தேய்ந்து பேரிங் லொடலொடத்தால், சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்குவது நம் பழைய வைத்தியம். மாவு மில்லில் அது ஓடும், இங்கே ஓடாது. புள்ளி குத்திய ஷாஃப்டில் பேரிங் நேராக உட்காராது. தேய்மானம் மிகக் குறைவு என்றால் பேரிங் நிறுத்தும் பச்சைப் பசையை ஊசி முனையில் ஒரு துளி தொட்டுவைக்கலாம். பசை குண்டுப் பக்கம் ஓடிவிட்டால் அந்தப் பேரிங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தால் ரோட்டாரை மாற்றச் சொல்லுங்கள். கிரீஸும் அப்படியே. லாரிச் சக்கரத்துக்கு அடைக்கும் கிரீஸை இதில் அடைத்தால், அந்த வேகத்தில் கிரீஸைக் கடைந்தே பேரிங் சூடாகிவிடும். கம்பெனியிலிருந்து வரும்போது உள்ளதே போதுமானது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 6204 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கி 20 மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவோம். இந்தச் சின்னவற்றில் அந்தக் கணக்கு கிடையாது. 625 என்றால் கடைசி எண்ணே உள்துளை, 5 மில்லிமீட்டர். பெரிய ஆர்சி கார்களின் 5 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 625, 695 போன்றவை வரும். முதலாவது 16 மில்லிமீட்டர் வெளிவிட்டம், இரண்டாவது 13. இரண்டு முனைக்கும் ஒரே எண் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். வெர்னியரில் அளந்து, அங்குலமா மில்லியா என்று தீர்மானித்த பிறகே வாங்குங்கள். பேரிங் கடையில் இருப்பில் இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லிக் காத்திருப்பதில் தவறொன்றும் இல்லை, மாணவர்களும் காத்திருக்கிறார்கள்.

பேரிங் ஏன் போயிற்று என்று கேட்காமல் மோட்டாரைக் கொடுத்தனுப்பாதீர்கள். மாவு மில்லில் பெல்ட்டை வீணைத் தந்தி போல் இழுத்துக் கட்டினால் புல்லிப் பக்கத்துப் பேரிங்தான் முதலில் போகும். அதே கதைதான் இங்கும். பெல்ட்டுக்குப் பதில் பல்சக்கரம். பினியனைப் பெரிய பல்லோடு நெருக்கி அமுக்கி மாட்டியிருப்பார்கள். இரண்டு பல்லுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை விட்டு நெருக்கி, ஸ்குருவை இறுக்கிவிட்டுக் காகிதத்தைச் சுற்றி எடுத்துவிட்டால், வேண்டிய விலகல் கிடைக்கும். மோட்டாரைக் காரில் பிடிக்கும் 3 மில்லிமீட்டர் ஸ்குரு நீளமாக இருந்தால் அது உள்ளே போய்க் காயிலைக் குத்தும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாலாற்று மணல் இருக்கவே இருக்கிறது. மணலில் ஓட்டாதே என்று நான் சொல்வதில்லை. தண்ணீர் இல்லாத ஆற்றில் பையன்கள் வேறென்ன ஓட்டுவார்கள்? ஓட்டிய பிறகு காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறேன்.

கூலி விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். புதிய மோட்டார் ஆயிரக்கணக்கில் விற்கிறது. பேரிங் இரண்டும் சேர்ந்தாலும் நூற்றுக்கணக்கில்தான். ஒரு மணி நேர வேலைக்கு நியாயமான கூலியை வாங்கிக்கொண்டு, கழற்றிய பழைய பேரிங்கை ஒரு காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முடியாத வேலையை முடியாது என்று சொல்வதற்கும் இதே மதிப்பு உண்டு. ஷாஃப்டைத் தேய்த்துப் பொருத்தும் வேலையை மட்டும் யாரும் ஏற்க வேண்டாம்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் என் பட்டறைக்கு வரலாம்; மரத்தட்டும் வெள்ளைத் தாளும் நான் வைத்திருக்கிறேன். ஒன்றரை மில்லிமீட்டர் ஆலன் கீ மட்டும் வரும்போது எடுத்துவாருங்கள். என்னுடையது போன மாதம் ஒரு ரோட்டாரில் ஒட்டிக்கொண்டு அந்த மோட்டாரோடு ராணிப்பேட்டைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து காயில் கட்டும் தொழிலாளி ஒருவர்