அல்லேலூயாவின் கடைசி ‘ஆ’

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது.

பாடகர் குழு நடக்கிறதா என்று கேட்டிருந்தாய். நடக்கிறது. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு பூசையில் நற்செய்திக்கு முன் வரும் நீண்ட பாட்டான தொடர்பாடலை இப்போதெல்லாம் யாராவது ஒருவர் வாசித்துவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த வகைப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் நோட்கரைப் பற்றித் தெரிந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் சாங்க்ட் காலன் மடத்துத் துறவி அவர். பேச்சு திக்கும். அந்தக் காலத்துப் பூசையில் அல்லேலூயாவின் கடைசி ‘ஆ’வை, நம் வித்வான்கள் அகாரம் பாடுவதுபோல, சொல்லே இல்லாமல் நீளமாகப் பாடுவார்கள். ஆனால் இதில் மனோதர்மத்துக்கு இடமில்லை. மெட்டு முழுவதும் மனப்பாடமாக வரவேண்டும். இளவயது நோட்கருக்கு அது நிற்கவே இல்லை. அப்போது நார்மன்கள் சூறையாடிய, இன்றைய பிரான்சில் இருக்கும் ஜுமியேஜ் மடத்திலிருந்து ஒரு குருவானவர் பாட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். அதில் இப்படிப்பட்ட மெட்டுகளுக்குச் சொல் கட்டியிருந்தார்கள். நோட்கருக்கு யோசனை பிடித்தது, வரிகள் பிடிக்கவில்லை. தானே எழுதி ஆசிரியர் இசோவிடம் காட்டினார். அவர் பாராட்டிவிட்டு, மெட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அசை வரவேண்டும் என்று திருத்தினார். 884 வாக்கில் தொகுத்த பாடல்களின் முன்னுரையில் நோட்கரே இதையெல்லாம் சொல்கிறார். திக்குகிற ஒருவர், மறதிக்கு மருந்தாகக் கட்டிய சொற்கள்! படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது.

அந்த மடத்துப் பழைய பிரதிகளை இணையத்தில் பார்த்தேன். சுரத்தின் உயரத்தைக் காட்டும் கோடுகள் கிடையாது. சின்னச் சின்னக் கொக்கிகளும் கீற்றுகளும்தான். மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். எவ்வளவு என்று காட்டாது. ஆக, ஏட்டைப் பார்த்துப் பாடியவனுக்கும் மெட்டு காதில் இருந்தாக வேண்டும்.

அப்புறம் இந்தப் பாட்டுகள் ஐரோப்பா முழுக்க ஆயிரக்கணக்கில் பெருகின. 1570-இல் வந்த பூசைப் புத்தகம் நான்கை மட்டும் வைத்துக்கொண்டது. அதில் ஒன்றுதான் நம் உயிர்ப்பு ஞாயிறு பாட்டு. பதினோராம் நூற்றாண்டில் விப்போ என்ற குருவானவர் எழுதியது என்பார்கள். முதல் அடி தனியாக நிற்கும். பிறகு ஒரே மெட்டில் இரண்டிரண்டு அடிகள். நடுவில் மகதலா மரியாவிடம், ‘வழியில் என்ன கண்டாய், சொல்’ என்று கேட்கிறார்கள். அவள், உயிரோடிருக்கும் கிறிஸ்துவின் கல்லறையைக் கண்டேன் என்கிறாள். கேள்வியும் பதிலுமாக இருக்கிற இந்தப் பாட்டை ஒற்றைக் குரலில் வாசித்துவிட்டுப் போகலாமா, சொல்!

பங்குச்சாமியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். வரும் உயிர்ப்பு ஞாயிறு அன்று லத்தீனிலேயே பாடப்போகிறோம். கேள்வியை ஆண்களும் பதிலைப் பெண்களும் பாடுவார்கள். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பழைய லத்தீன் பாட்டுகள் உனக்குத்தான் இன்னும் மனப்பாடம். புனித வாரத்திலேயே வந்துவிடு, ஆண்கள் பக்கத்துக்கு உன் குரல் வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்